வடிகட்டியில் சிக்கிய கொம்பு: யுனிக்ஸ் அச்சும் தில்லித் தரமும்

யுனிக்ஸின் தொடக்ககாலப் பயனர்களுள் பெல் ஆய்வகக் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள் முக்கியமானவர்கள். ஆவணங்களை வடிவமைத்து அச்சிட்டுத் தருவோம் என்ற உறுதிமொழியே அம்முறைமைக்குப் புதிய கணினியை வாங்கித் தந்தது. 1971இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே அச்சு, யுனிக்ஸ் வளர்ந்ததற்கான முதற்காரணங்களுள் ஒன்று.

பெர்க்கிலி யுனிக்ஸில் அச்சுப்பொறியை நிறுவுவது ஒரு சிறு உரைக்கோப்பைத் திருத்தும் வேலை. 'பிரிண்ட்கேப்' எனப்பட்ட அக்கோப்பில் பொறியின் பெயர், அது இணைந்துள்ள இடம், அச்சு வேலைகள் காத்திருக்கும் அடைவு, வடிகட்டி நிரல் ஆகியவை குறிக்கப்படும். பின்னணியில் இயங்கும் 'எல்பிடி' வரிசையிலுள்ள வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வடிகட்டி வழியே பொறிக்கு அனுப்பும். அக்காலத்து எளிய உரை வடிகட்டிகள் ஒரு பைட்டை ஓர் அச்சுருவாகவே கருதின. ஆங்கிலத்திற்கு அது போதுமாயிருந்தது.

1991இல், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 13194 என்ற எண்ணில் 'இஸ்கி' குறிமுறையை வெளியிட்டது. பிராமி வழிவந்த இந்திய எழுத்துமுறைகளுக்கெல்லாம் பொதுவான, ஒலியை அடிப்படையாகக் கொண்ட அட்டவணை அது. அதன்படி 'கொ' என்பதில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் சேமிக்கப்படும். தாளிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாக மூன்று உருக்கள் நிற்க வேண்டும். கான்பூர் ஐஐடியில் தோன்றிப் புணே சி-டாக்கில் வளர்ந்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம் இம்மாற்றத்தை வன்பொருள் அட்டையிடம் ஒப்படைத்தது. அட்டையற்ற கணினியின் சாதாரண வடிகட்டிக்கு அது எட்டவில்லை.

தமிழ்க் கணிமையர் பலர் எதிர்த்திசையில் சென்றனர். திஸ்கியும், 1999இல் தமிழக அரசு ஏற்ற டேம், டேப் குறிமுறைகளும் கொம்பை முன்னே வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தன. உரிய எழுத்துரு இருந்தால் பழைய வடிகட்டியே போதும்; அச்சு எளிதாயிற்று. ஆனால் அகரவரிசைப்படுத்தலும் தேடலும் கடினமாயின. எழுத்துரு தொலைந்தபோது கோப்பும் வாசிக்க இயலாததாயிற்று.

1988ஆம் ஆண்டின் இஸ்கி பதிப்பைப் பின்பற்றிய யுனிகோடு, ஒலிவரிசையை உலகத் தரமாக்கியது. 1999இல் வந்த 'கப்ஸ்' அச்சு அமைப்பும் வடிகட்டிகளின் தொடராகவே இயங்கியது. எழுத்துக்கோப்பு நிரலகமான 'பேங்கோ'வும், அதன் துணையுடன் உரையைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும் 'பேப்ஸ்' கருவியும் வெற்று உரையிலிருந்து சரியான தமிழ் அச்சைப் பெற உதவின.

ஒரு தரப்பு சேமிப்பை முன்வைத்தது. மறுதரப்பு அன்றைக்குத் தாளில் எழுத்து வரவேண்டும் என்றது. இரண்டும் நியாயமான தேவைகளே. 1990களின் தமிழ் மின்கோப்புகளை ஆராய்வோர், விசைப்பலகை, எழுத்துரு ஆகியவற்றோடு அச்சு வடிகட்டியையும் சான்றாகக் கொள்ள வேண்டும். அன்றைய பல முடிவுகளின் காரணம் அங்கேதான் இருக்கிறது.