காட்டூர்ச் சிறுவனும் கிண்டிக் கல்லூரியும்

நம் இராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அண்ணல் அம்பேத்கர் மணிமண்டபத்தினின்று புறப்பட்டு, அடையாற்றைக் கடந்து கோட்டூர்புரம் வழியே சென்றால், கிண்டிப் பொறியியற் கல்லூரியை அடையலாம். 1794ஆம் ஆண்டில் நிலஅளவைப் பள்ளியாகத் தோன்றி, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்குவது அது. அதன் வாயிலை நாள்தோறும் கடந்து செல்லும் நம் இளைஞர்கள், அங்குப் பயின்ற ஒருவரின் இளமை வரலாற்றை அறிதல் நலமாகும்.

அவரே கணிப்பொறி அறிஞர் ராஜ் ரெட்டி. 1937ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வர் அவரே. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. எனினும் அவர் கல்வி சென்னையிலேயே நிறைவுற்றது. 1958இல் கிண்டியில் பொறியியற் பட்டம் பெற்றார்.

அவர் கிண்டியில் பயின்றது கணிப்பொறியியல் அன்று, கட்டடப் பொறியியல் என்பது பலரும் அறியாத செய்தி. இந்தியாவின் முதற் கணிப்பொறி 1955இல்தான் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்தது. ஆதலின் அத்துறை அந்நாளில் நம் கல்லூரிகளின் பாடமாக மலரவில்லை. ரெட்டி ஆஸ்திரேலியா சென்று, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அந்நாட்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1966இல் முனைவரானார். மனிதர் பேச்சைக் கணிப்பொறி உணரச் செய்வதே அவர்தம் ஆய்வுத் துறை. கணிப்பொறியியலின் தலையாய பரிசான டூரிங் விருதை 1994இல் மற்றோர் அறிஞருடன் பகிர்ந்து பெற்றார். ஆசிய மரபினருள் அவ்விருது பெற்ற முதல்வர் அவரே.

நிற்க. ஈண்டு ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. ரெட்டி நம் சமூகத்தவர் அல்லர். அவர் தந்தையார் நிலக்கிழார். அதே நாளில், அதே மாகாணத்தில், நம் முன்னோர் பிறர் நிலத்தில் உழைத்தனர். பல ஊர்களில் பொதுப்பள்ளியின் வாயிலும் அவர்தம் மக்களுக்கு அடைபட்டிருந்தது. குடும்பத்தின் முதற் பட்டதாரி என்னும் பெயர் இருவர்க்கும் ஒன்றே. நடந்த வழி ஒன்றன்று. எனவே இத்தகையோரைக் காட்டி, “உங்களால் ஏன் இயலவில்லை?” என நம் பிள்ளைகளைக் கடிந்து கேட்போர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகை பெற்றே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அறிவு மட்டும் கப்பலேற்றாது, கைகொடுப்பாரும் வேண்டும்.

இதனை ரெட்டியும் உணர்ந்திருந்தார் எனலாம். 2008இல் ஆந்திரப் பிரதேசத்தில், நாட்டுப்புற மாணவர்க்கென ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் வேந்தராக அவர் பொறுப்பேற்றார். பத்தாம் வகுப்புத் தேறியோரை ஆறாண்டுக் கல்விக்குத் தேர்ந்தெடுக்கும் அப்பல்கலைக்கழகத்தில், அரசுப் பள்ளி மாணவர்க்கு மதிப்பெண்ணோடு கூடுதற் புள்ளியும் வழங்கினர். ஏழை மாணவன் பெற்ற எண்பது, வசதியுள்ளவன் பெற்ற எண்பதினும் பெரிது என்பதே அதன் பொருள்.

நாம் தலைமையாசிரியராகப் பணிபுரியும் அரசுப் பள்ளியில், “கணிப்பொறிப் பிரிவில் இடம் கிட்டவில்லை ஐயா, இனிப் படித்தென்ன பயன்?” எனச் சோர்வோடு வந்து நிற்கும் மாணவர் உளர். அவர்கட்கு நாம் கூறும் விடை கிண்டியில் உள்ளது. கட்டடம் கட்டப் பயின்றவர் கணிப்பொறிக்குப் பேச்சுணரக் கற்பித்தார். பிரிவு மாறலாம், கணக்கின் அடிப்படை உறுதியாயிருத்தல் வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டணமும் புத்தகமும் அளித்து வந்த நம் கல்விச் சங்கம், இவ்வெள்ளிவிழா ஆண்டில் கணக்கிற்கென ஒரு மாலை வகுப்பைத் தொடங்குமாக. பட்டம் பெற்ற நம் இளைஞர் வாரம் ஒரு நாளேனும் அங்குக் கற்பிக்க முன்வருக. கைகொடுக்கப் பெற்றவர் கைகொடுப்பதே நன்றியாகும்.