அரைநிழல் பகுதி (பக்கவாதம்)

பக்கவாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, செயல் நின்றும் உயிர் போகாமல் இருக்கும் மூளைத் திசுவுக்கு அரைநிழல் பகுதி அல்லது பெனம்ப்ரா என்று பெயர். நோயாளிக்குப் பேச்சும் நினைவும் கவனமும் எந்த அளவுக்குத் திரும்பும் என்பது பெரிதும் இதன் கதியைப் பொறுத்தது.

உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. சேமிப்பு என்று அதனிடம் சொல்லத்தக்கதாக ஏதுமில்லை. குளுக்கோஸ் ரத்தத்தில் இடைவிடாமல் வந்தாக வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் ஏடிபி ஆற்றலின் பெரும்பங்கை, நரம்பணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்புகள் செலவழிக்கின்றன.

இயல்பில் 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் பாய்கிறது. அது 20 மி.லி. அளவுக்குக் கீழே போனால் மின்செயல்பாடு அடங்கிவிடும். 10 மி.லி. அளவுக்கு இறங்கினால் பம்புகளே நின்றுபோகும். சோடியமும் கால்சியமும் நீரும் உள்ளே புகுந்து அணு வீங்கி மடியும். இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அணுக்கள் பணியை விட்டு உயிரை மட்டும் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆய்வாளர்கள் அஸ்ட்ரப், சைமன் குழுவினர் 1970களில் லண்டனில் பபூன் குரங்குகளிடம் இதைக் கண்டறிந்தனர். சீஸ்யோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1981இல் இதைப் பற்றி எழுதினர்.

இந்த அரைநிழல் நிலை நீடிக்காது. பெருந்தமனி அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். காய்ச்சல் ஆற்றல் தேவையைக் கூட்டும். ரத்தச் சர்க்கரை மிகுந்தாலும் கேடுதான்: ஆக்சிஜன் இல்லாமல் எரியும் குளுக்கோஸ், லாக்டிக் அமிலமாகித் திசுவை அரிக்கிறது. பக்கவாத வார்டில் வெப்பநிலையையும் சர்க்கரையையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதனால்தான். உரிய நேரத்தில் ரத்தம் திரும்பினால், சொல் புரியாமல் விழித்தவருக்குச் சில நாட்களிலேயே புரியத் தொடங்குவதும் உண்டு.

அடைப்புக்குத் தொலைவில் உள்ள பகுதிகளும் மந்தமாகலாம். நரம்பியலாளர் கான்ஸ்டன்டின் வான் மோனகோவ் 1914இல் இதை டயாஸ்கிசிஸ் என்றார். பின்னாளில் பெட் ஸ்கேன், பெருமூளையின் ஒருபுறம் பாதிக்கப்பட்டவர்களின் எதிர்ப்புறச் சிறுமூளையில் வளர்சிதை மாற்றம் குறைந்திருப்பதைக் காட்டியது. தலாமஸில் ஏற்படும் சிறு சேதமும் புறணியின் குளுக்கோஸ் பயன்பாட்டைக் குறைத்து நினைவையும் மொழியையும் குலைக்கக்கூடும். ஸ்கேனில் தெரிவது சின்னப் புள்ளிதானே என்று நோயாளியின் தடுமாற்றத்தை வீட்டாரோ மருத்துவரோ ஒதுக்கிவிடுவது அநியாயம். இப்படிச் சேதமடைந்த இடத்துடன் தொடர்பு துண்டிக்கப்பட்டு மந்தமான பகுதிகளில் சில, மாதக்கணக்கில் மெல்ல மீள்கின்றன. பேச்சுப் பயிற்சியும் நினைவுப் பயிற்சியும் அந்த மாதங்களில் விடாமல் நடக்க வேண்டும்.