ரங்கூன் முதல் வளைகுடா வரை: எண்ணெய் வேலை தேடிச் சென்றோரின் வரலாறு

பொறியியல் முடித்து வரும் பிள்ளையிடம் நம் ஊர்களில் உறவினர் முதலில் கேட்பது, "விசா ஏதும் வந்ததா?" என்பதே. மெக்கானிக்கல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என எதைப் படித்திருந்தாலும், எண்ணெய், எரிவாயு நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தால் குடும்பம் கரையேறிவிடும் என்று நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கையை முதலாக வைத்தே நகைகள் அடகுக்குப் போகின்றன. திருமணங்கள் பேசி முடிக்கப்படுகின்றன. இந்த வேலைக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை அறிந்த குடும்பம், விசாவைப் பற்றிக் கேட்குமுன் வேறு சில கேள்விகளைக் கேட்கும்.

எண்ணெய் என்றவுடன் அரபு நாடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் கடல் கடந்து எண்ணெய்த் தொழிலில் சேர்ந்த இந்தியரின் வரலாறு வங்கக் கடலின் மறுகரையில் தொடங்குகிறது. பர்மாவின் ஏனாங்யாவுங் பகுதியில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து வந்தனர். 1886-இல் ஸ்காட்லாந்தில் பர்மா ஆயில் கம்பெனி தொடங்கப்பட்டபின், எந்திரத் துளைப்பும் பெரிய அளவிலான சுத்திகரிப்பும் அங்கே வளர்ந்தன. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருந்த சிரியம் சுத்திகரிப்பு ஆலையில் இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக இருந்தனர். அக்காலத்தில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாதலால், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்க்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவைப்படவில்லை. நம் முன்னோரிற் பலர் அந்நகரத்திற்கு வணிகம் செய்யச் சென்றனர். சோலியா முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கே உள்ளது.

இங்கிருந்து கதை பாரசீகத்திற்குத் திரும்புகிறது. 1901-இல் வில்லியம் நாக்ஸ் டார்சி என்பவர், பாரசீக அரசிடமிருந்து 60 ஆண்டுகளுக்கு எண்ணெய் தேடும் உரிமையைப் பெற்றார். கையிருப்புக் கரைந்த நிலையில் அவருக்கு முதல் கொடுத்துத் தாங்கியது மேற்சொன்ன பர்மா ஆயில் கம்பெனியே. 1908-ஆம் ஆண்டு மே 26 அன்று மஸ்ஜிதே சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு ஆங்கிலோ பெர்சியன் ஆயில் கம்பெனி உருவாயிற்று. 1912-இல் அபாதான் தீவில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

அபாதானில் அப்போது பேரீச்சந் தோப்புகள் இருந்தன. எண்ணெய் ஆலையை இயக்கத் தெரிந்தவர்கள் இல்லை. பிட்டர், கொல்லர், கொதிகலன் வேலைக்காரர், கிளார்க் ஆகியோரைக் கம்பெனி இந்தியாவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கொண்டு சென்றது. ரங்கூன் ஆலையில் தொழில் பழகியவர்க்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. அவர்களை அழைத்துச் சென்றது கையில் இருந்த தொழில். ஒரு நாட்டில் கற்றது மறு நாட்டில் செல்லுபடியானது. எண்ணெய்த் தொழிலில் வேலை கிடைக்கும் முறை அன்றே இவ்வாறு அமைந்துவிட்டது.

அபாதானில் ஆலையின் அருகே, அர்வந்த் ஆற்றங்கரையில், "ரங்கூனிகளின் பள்ளிவாசல்" என்று பாரசீக மக்கள் அழைக்கும் தொழுகைக் கூடம் ஒன்று நிற்கின்றது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற முஸ்லிம் தொழிலாளர் தம் தொழுகைக்காக எழுப்பியது அது. இந்தியப் பாணியில் அமைந்த அதன் முகப்பைப் பார்க்கும் எவரும் கட்டியவரின் ஊரை ஓரளவு ஊகித்துவிடலாம். இன்று அது அருங்காட்சியகம். கட்டியவர்களின் சந்ததியினர் அங்கே நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

அந்த ஆலையில் மேல்நிலைப் பணிகள் பிரிட்டிஷாருக்கும், கைத்தொழிலும் எழுத்து வேலையும் பெரும்பாலும் இந்தியருக்கும், கூலி வேலை ஈரானியருக்கும் என வகுக்கப்பட்டிருந்தன. குடியிருப்புகளும் அவ்வாறே பிரிந்திருந்தன. ஊதியமும் வாழ்நிலையும் போதாமையால் இந்தியத் தொழிலாளர் 1920-இலும் 1922-இலும் வேலைநிறுத்தம் செய்தனர். மறுபுறம், தம் மண்ணின் எண்ணெயில் தமக்குக் கடைநிலை வேலைதானா என்ற ஈரானியரின் கேள்வி வலுத்து வந்தது. 1933-இல் கம்பெனியுடன் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையில், ஈரானியர் அல்லாத ஊழியரின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற விதி இடம் பெற்றது. 1951-இல் முஸத்திக் ஆட்சியில் எண்ணெய்த் தொழில் தேசியமயமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் எஞ்சியிருந்த பிரிட்டிஷ் ஊழியரும் அபாதானைவிட்டு வெளியேறினர்.

உள்நாட்டவர்க்கே முதலிடம் என்ற கொள்கை, அண்மையில் சவூதி அரேபியா கண்டுபிடித்த ஒன்று என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அது எண்ணெய்த் தொழிலைப் போலவே பழையது என்பதற்கு அந்த 1933 விதியே சான்று. தன் மக்களுக்கு வேலை கொடுக்க விரும்பும் நாட்டைக் குறை சொல்வதும் நீதியாகாது. அயலவரின் தேவை தவணைக்கு உட்பட்டது என்பதை உணர்ந்து செல்வதே அறிவுடைமை.

பாரசீகக் கரையில் கதவு மெல்லச் சாத்தப்பட்ட அதே காலத்தில் எதிரே அரபுக் கரையில் கதவுகள் திறந்தன. பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் கிடைத்தது. 1938-இல் சவூதியின் தம்மாம் ஏழாம் கிணறும் குவைத்தின் புர்கான் வயலும் பலன் தந்தன. உலகப் போரால் தடைப்பட்டிருந்த குவைத் ஏற்றுமதி 1946-இல் தொடங்கியது. அபுதாபி 1962-இலும் ஓமன் 1967-இலும் ஏற்றுமதி செய்யத் தொடங்கின. வளைகுடாவின் பல துறைமுகங்களில் அந்நாளில் இந்திய ரூபாயே புழக்கத்தில் இருந்தது. 1959-இல் அப்பகுதிக்கென்றே தனி வளைகுடா ரூபாயை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்டது. பம்பாயோடு இருந்த இந்த நெருக்கத்தால், எண்ணெய்க் கம்பெனிகள் கிளார்க்குகளையும் தொழில்நுட்பப் பணியாளரையும் அந்நகரின் வழியே தேர்ந்தெடுத்தன.

1973-74-இல் எண்ணெய் விலை பேரலுக்கு ஏறத்தாழ 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. அதன்பின் வளைகுடாவில் சாலைகள், துறைமுகங்கள், ஆலைகள், நகரங்கள் ஒருசேர எழுந்தன. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் எனக் கடலோர ஊர்களின் இளைஞர்கள் இலங்கை, மலாயா, பர்மா என்றிருந்த பழைய திசைகளை விட்டுத் துபாய், தம்மாம், குவைத் என்று பயணப்பட்டனர். வெளிநாடு சென்று உழைப்பவரைச் "சபுராளி" என்று அழைக்கும் வழக்கமுடைய ஊர்களில் அச்சொல்லின் பொருளே மாறியது. முன்னர் அது வணிகரைக் குறித்தது. பின்னர் சம்பளக்காரரையும் குறித்தது.

அதே காலத்தில் நம் மாநிலத்திலும் எண்ணெய்த் தொழில் கால்கொண்டது. சென்னை மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையில் இந்திய அரசுடன் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனமும் தொடக்கத்தில் பங்குதாரர்களாக இருந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்துப் பனங்குடியில் காவிரிப் படுகை ஆலை 1993-இல் வந்தது. இத்தகைய ஆலைகளிலும் அவற்றின் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களிடமும் சில ஆண்டுகள் உழைத்தவர், அயல்நாட்டு நேர்காணலில் பேசுவதற்குச் சரக்குடையவராகிறார். அன்று ரங்கூன் செய்த பணியை இன்று நம் ஊரின் ஆலைகள் செய்கின்றன. இரண்டாண்டு "ஷட்டவுன்" வேலை பார்த்த இளைஞருக்கும், பட்டத்தை மட்டும் ஏந்தி நிற்பவருக்கும் உள்ள வேறுபாட்டை, தேர்வு செய்வோர் பத்து நிமிடத்தில் அறிந்துகொள்கின்றனர்.

இப்பயணம் இடையிடையே அறுந்த வரலாறும் நமக்குத் தெரிய வேண்டும். 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளையும் சிரியம் ஆலையையும் பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினர். இலட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர் பலர். 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கிருந்த இந்தியரில் ஏறத்தாழ 1,70,000 பேர் தாயகம் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் ஜோர்டானின் அம்மான் நகர் வழியே விமானமேறினர். 2014-இன் நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த பேரல் விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே சரிந்தது. அவ்வாண்டு சவூதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் பல மாதச் சம்பளமின்றி முகாம்களில் தவித்தனர். போரும் விலைச் சரிவும் முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. முழுச் சம்பளத்தையும் வீட்டின் மாடிகளாக்கிவிட்டவரே அந்நாள்களில் மிகுதியும் நொறுங்கினர்.

இனி இன்றைய பொறியாளருக்கு வருவோம். 1922-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திற்கு மாற்றாக 1983-இல் புதிய சட்டம் வந்தது. அதன்படி ஆள் எடுக்கும் ஏஜெண்ட் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் என்று உச்சவரம்பு உள்ளது. அவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். இலட்சங்களைக் கேட்கும் ஒருவர் சட்டத்திற்குப் புறம்பாகவே கேட்கிறார் என்று நாம் உறுதியாகச் சொல்லலாம்.

இதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி தேவை. அவரது ஒப்பந்தம் அரசின் பார்வைக்கு வருகின்றது. பட்டம் பெற்ற பொறியாளருக்கு அவ்வனுமதி தேவையில்லை. அதனால் அவரது ஒப்பந்தத்தை அரசு அதிகாரி எவரும் படிப்பதில்லை. படித்தவர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் எண்ணம். நம் பிள்ளைகளோ அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ள தாளைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தவணை எத்தனை ஆண்டு, பணிமுடிவுத் தொகை எப்படிக் கணக்கிடப்படும், விசாவில் எழுதப்பட்ட தொழில் எது ஆகிய நான்கையும் குடும்பத்தார் கூடியமர்ந்து படிக்க வேண்டும். பொறியாளர் வேலை என்று சொல்லி வேறு தொழிலின் பெயரில் எடுக்கப்படும் விசாவில் சென்றவர், பின்னர்ப் பொறியாளர் என்று உரிமை கோருவது கடினம்.

அடுத்தது தகுதிச் சான்று. சவூதியில் பொறியாளராகப் பணிபுரிய அந்நாட்டுப் பொறியாளர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். குவைத்தில் 2018-இல் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டின் தேசிய அங்கீகார வாரியம் ஏற்ற பாடப்பிரிவில் பயின்றவரையே அது ஒப்புக்கொண்டமையால், பல ஆண்டுகள் அங்கே பணிபுரிந்த இந்தியப் பொறியாளர்களும் தடுமாறினர். ஆகவே கல்லூரியில் சேரும் நாளிலேயே, அப்பாடப்பிரிவுக்கு அவ்வங்கீகாரம் உண்டா என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும். கட்டடத்தின் அழகைவிட இது முதன்மையானது. இத்துடன், குழாய், அழுத்தக் கலன், சேமிப்புத் தொட்டி ஆகியவற்றைப் பரிசோதிப்பதற்கான ஏபிஐ சான்றிதழ்கள் உலகெங்கும் மதிக்கப்படுகின்றன. அனுபவம் சேர்ந்தபின் அவற்றைப் பெறுவது, ஒரு நாட்டின் கதவு மூடினால் மறு நாட்டின் கதவைத் தட்ட உதவும்.

கதவு மூடுவதும் தொடர்கின்றது. சவூதியில் 2011-இல் 'நிதாகாத்' திட்டம் வந்தது. 2024 ஜூலை முதல், 5 அல்லது அதற்கு மேற்பட்ட பொறியாளர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்களில் 25 விழுக்காட்டினர் சவூதியராக இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. அபாதானின் 1933 விதி வேறொரு பெயரில் நம்முன் நிற்கின்றது.

அயல்நாடு சென்று வேலை தேடிய ஒருவரின் வரலாற்றை நாம் மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கும் கற்பிக்கின்றோம். மிஸ்ரைவிட்டு மத்யனுக்குச் சென்ற மூஸா நபி (அலை) அவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. அவர்களின் வலிமையும் நம்பகத்தன்மையுமே பரிந்துரையாக அமைந்தன. தவணை எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து என்று தொடக்கத்திலேயே பேசி முடிக்கப்பட்டது. தவணை நிறைந்ததும் அவர்கள் குடும்பத்துடன் புறப்பட்டார்கள். தொழில் தகுதி, நேர்மை, தெளிவான தவணை ஆகிய மூன்றும் அவ்வேலையில் இருந்தன.

ரங்கூனிலிருந்து அபாதானுக்குப் போனவர்க்குத் துணைநின்றதும் கையில் இருந்த தொழிலே. நம் பிள்ளைகளுக்கு முதலில் அதனைக் கற்றுக்கொடுப்போம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து அனுப்புவோம். அவர் அனுப்பும் பணத்தில், அவர் திரும்பி வரும் நாளுக்கென ஒரு பங்கை முதல் மாதத்திலிருந்தே எடுத்து வைப்போம். விசாவைப் பற்றிய கேள்வி அதன்பின் வரட்டும்.