சிக்கனக் கப்பல்களின் கதை

போர்க்கப்பலைச் சிறியதாகவும் மலிவாகவும் கட்டலாமா? இவ்விவாதத்திற்குப் பிரிட்டனின் பிளாக்வுட் வகை ஃபிரிகேட் கப்பல்கள் தக்க சான்றாகும்.

சோவியத் நீர்மூழ்கிகளிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க, 1950களில் காவற்கப்பல்கள் பெருமளவில் தேவைப்பட்டன. விட்பி வகை ஃபிரிகேட் திறன்மிக்கது, விலையோ மிகுதி. எனவே, அதன் இயந்திர அமைப்பில் பாதியைக் கொண்டு, இரண்டு சுழலிகளுக்குப் பதில் ஒன்றோடு பிளாக்வுட் உருவாயிற்று. பெரிய பீரங்கி இல்லை. நீர்மூழ்கியைத் தாக்கும் இரண்டு லிம்போ எறிகருவிகளும் சில போஃபர்ஸ் பீரங்கிகளுமே இருந்தன.

கடற்போரில் எண்ணிக்கையே முதன்மை என்பது ஒரு சாராரின் வாதம். புதிய கருவிகளை ஏற்க இக்கப்பலில் இடமில்லை என்பது மறுசாராரின் வாதம்.

பிரிட்டன் தனக்கென 12 கப்பல்களைக் கட்டியது. இந்தியா 3 கப்பல்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்றான குக்ரியை, 1971 டிசம்பர் 9 அன்று, டையூ அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உள்ளிட்ட 194 பேர் மாண்டனர். வேட்டையாடப் பிறந்த கப்பலே இரையானது! ஹங்கோரோ 1960களின் பிற்பகுதியில் பிரான்சில் உருவான புதிய கலம்.

சிறுமை குற்றமன்று, காலத்தோடு வளர இடமின்மையே குற்றம். வடிவமைப்பில் மிச்சப்படுத்திய பணத்திற்கு ஈடாக, மாலுமிகள் உயிரையே தர நேரிடலாம்.