தைவான் திரைப்பட வரலாறும் மொழித் தேர்வும்

தைவான் திரைப்பட வரலாற்றை ஆராய்வோர் இயக்குநர்களையும் படங்களையும் வரிசைப்படுத்துவதோடு அமைதல் இயலாது. திரையில் எம்மொழி ஒலித்தது என்பதும் அவ்வரலாற்றின் அடிப்படை வினாவாகும்.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் (1895-1945) பேசாப் படங்களுக்குத் திரையருகே நின்று கதை விளக்குவோர் இருந்தனர். அவர்களுள் சிலர் உள்ளூர் ஹொக்கியன் மொழியில் விளக்கினர். படம் ஒன்றேயாயினும், விளக்குவோரின் வாய்மொழிக்கேற்பப் பொருள் மாறுபட இடமிருந்தது.

1949இல் தேசியவாத அரசு தைவானுக்கு இடம்பெயர்ந்தது. மாண்டரின் பொதுமொழியாக வலியுறுத்தப்பட்டது. எனினும் 1956 முதல் ஹொக்கியன் படங்கள் பெருகின. அவ்வகையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. 1962இல் தோன்றிய தங்கக்குதிரை விருதோ மாண்டரின் படங்களை ஊக்குவிக்கவே நிறுவப்பட்டது.

படைத்துறைச் சட்டம் 1987இல் நீங்கியது. 1989இல் ஹௌ சியாவ்-சியென் இயக்கிய 'துயர நகரம்' வெளிவந்தது. வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றது. 1945க்குப் பிந்தைய ஆண்டுகளைக் காட்டும் இப்படத்தில் ஹொக்கியன், மாண்டரின், ஜப்பானியம், கான்டனீஸ், ஷாங்காய் மொழி ஆகியவை ஒலிக்கின்றன. ஒரு பேரத்தில் ஒருவர் சொல் மற்றவரை எட்ட இடையில் மொழிபெயர்ப்போர் தேவைப்படுகின்றனர். காதுகேளாத, பேசாத நிழற்படக் கலைஞர் எழுத்தாலேயே உரையாடுகிறார்.

திரையடியில் வரும் மொழிபெயர்ப்பு வரிகள் இவை அனைத்தையும் ஒரே மொழியாக்கிவிடுகின்றன. யாருக்கு யார் பேச்சு விளங்கவில்லை என்பது அங்கு மறைகிறது. படம் கூற வந்த வரலாறும் உடன் மறைகிறது. மொழி மாறும் இடத்தைக் குறித்துக்காட்டுதல், ஆதலின், மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.