சந்தாவா, வரியா? ஒரு பழைய வழக்கு

எங்க காவேரிப்பாக்கத்துலேர்ந்து ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்குக் கூலி வேலைக்குப் போற பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "தம்பி, ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி. பேரே எழுதாத எனக்கு?"

கேள்வி பழசுங்க. 1944-ல் அடார்க்கர் அறிக்கை, தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டட்டும் என்றது. 1946-ல் ஜோசப் போர் குழு, காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கக்கூடாது, செலவைப் பொதுப்பணம் ஏற்கட்டும் என்றது. 1948-ல் சட்டமானது சந்தாதான். பதிவேட்டில் இல்லாத கூலியாட்கள் வெளியே நின்றார்கள்.

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குப் பிரீமியத்தை அரசே கட்டியது. 2018-லிருந்து வருமான வரித் தொகை மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ்.

'என் வரியில அவனுக்கு வைத்தியமா?'ன்னு முணுமுணுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். பெரியவர் வாங்குற சோப்புலயும் வரி இருக்கு. அவரும் கட்டிட்டுத்தான் கேக்குறார். நீங்க என்ன சொல்றீங்க?