முக்கிளை நரம்பு வலி: நிபுணரும் அறுவை சிகிச்சையும்

முக்கிளை நரம்பு வலி, முகத்தின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் மண்டை நரம்பில் தோன்றும் கடும் வலிநோய். மருத்துவர்கள் இதை ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். நெற்றி, கன்னம், தாடை என மூன்றாகப் பிரியும் இந்நரம்பின் கீழிரண்டு கிளைகளில்தான் வலி பெரும்பாலும் வருகிறது. 50 வயதைக் கடந்தவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும், முகத்தின் வலப்பக்கத்திலும் அதிகம் காணப்படுகிறது. ஷாக் அடித்ததுபோலப் பாய்ந்து வரும் வலி சில நொடிகளில், அதிகம் போனால் 2 நிமிடங்களில் அடங்கி, மீண்டும் மீண்டும் வரும். பல் துலக்குவதும் சோற்றை மெல்லுவதும் கன்னத்தில் மின்விசிறிக் காற்று படுவதுமே அதைக் கிளப்பிவிடப் போதும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோகிறவர்கள் உண்டு.

நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1756-இலும், லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் 1773-இலும் இந்நோயை விவரித்தார்கள். மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பின் வேரை அழுத்துவதே காரணமாகலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1930-களில் எழுதினார். அந்த ரத்தக்குழாயின் இடைவிடாத துடிப்பால் நரம்பிழையின் மேலுறை தேய்கிறது. தொடுவுணர்வைச் சுமக்கும் சமிக்ஞைகள் வலி இழைகளுக்குத் தாவுகின்றன. சிலருக்குக் காரணம் நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோயாகவோ கட்டியாகவோ இருக்கும்.

யாரிடம் போவது

நோயாளிகளில் பலர் முதலில் போவது பல் மருத்துவரிடம். வலி பல்லில் இருப்பதாகவே தோன்றுவதால் இது இயல்புதான். ஆனால் நல்ல பற்களைப் பிடுங்கிய பிறகும் வலி தீராமல் அடுத்த பல்லையும் இழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பல்லில் கோளாறு இல்லை என்று கண்டு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் பல் மருத்துவர் நோயாளிக்குப் பேருதவி செய்கிறார்.

இந்நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்லும் கதைதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது: வலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எது தூண்டுகிறது, இடைவேளையில் முழுதாக விடுகிறதா. இவற்றைக் குறித்து எடுத்துச்செல்வது நல்லது. நரம்பையும் ரத்தக்குழாயையும் நுணுக்கமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியையும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸையும் விலக்க உதவும். ஆனால் வலியே இல்லாதவர்களிடமும் நரம்பை ரத்தக்குழாய் தொட்டுக்கொண்டிருப்பது உண்டு. ஆகவே ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. நாள் முழுதும் மந்தமாக எரிந்துகொண்டே இருக்கும் வேறுவகை முகவலிக்கு அறுவை பெரும்பாலும் பயன் தருவதில்லை. அதற்கு வலி சிகிச்சைப் பிரிவே உரிய இடம்.

மருந்தும் அதன் எல்லையும்

முதல் மருந்து கார்பமாசெபின். வலிப்பு நோய்க்கான இம்மருந்து முகவலிக்கும் உதவுவதை 1962-இல் ஸ்வீடன் மருத்துவர் ப்ளோம் தெரிவித்தார். சாதாரண வலிமாத்திரைக்கு அடங்காத இந்த வலி கார்பமாசெபினுக்கு அடங்குவதே நோயறிதலுக்கு ஒரு துணைச்சான்று. தலைச்சுற்றல், உறக்கக் கலக்கம், ரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை இதன் தொல்லைகள். ஆசியர் சிலரிடம் உள்ள எச்.எல்.ஏ.-பி 1502 என்னும் மரபணு வகை தோலைக் கடுமையாகத் தாக்கும் ஒவ்வாமைக்கு வழிவகுக்கும் என்பதால், மருந்தைத் தொடங்கும் முன் அதைப் பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மருந்து பலிக்காமல் போகும்போதோ, பலிக்கும் அளவு உடலுக்குத் தாங்காதபோதோ அறுவை பற்றிய பேச்சு தொடங்குகிறது.

அறுவை வழிகள்

காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி, நடுவே டெஃப்லான் பஞ்சை வைப்பது நுண்குழாய் அழுத்தநீக்க அறுவை. 1960-களின் பிற்பகுதியில் அறுவை நுண்ணோக்கியின் துணையுடன் இதை வளர்த்தெடுத்தவர் பீட்டர் ஜானெட்டா. நரம்பைச் சிதைக்காமல் காரணத்தையே அகற்றுவது இம்முறையின் சிறப்பு. அவருடைய பிட்ஸ்பர்க் குழுவினர் 1,185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் 70 விழுக்காட்டினர் மருந்தின்றி வலியில்லாமல் இருந்தார்கள். இருவர் இறந்தார்கள், 16 பேருக்கு அறுவை செய்த பக்கத்துக் காது கேட்காமல் போனது. 8 ஆண்டுகளுக்கு மேல் வலியைச் சுமந்தபின் வந்தவர்களிடம் வலி திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது. முடிவைக் காலவரையின்றித் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு என்பதை இது சொல்கிறது.

மண்டையைத் திறக்கும் அறுவையையும் அதற்கான மயக்க மருந்தையும் தாங்காத முதியவர்களுக்கும், மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் உள்ளவர்களுக்கும் கன்னத்தின் வழியே ஊசி செலுத்தும் முறைகள் உள்ளன. வெப்பத்தால் சுடுவது, கிளிசரால் செலுத்துவது, பலூனால் அழுத்துவது என மூன்றுமே நரம்பை ஓரளவு சேதப்படுத்தித்தான் வலியை அடக்குகின்றன. முகம் மரத்துப்போவது அதற்குக் கொடுக்கும் விலை. அரிதாக, மரத்த இடத்திலேயே தீராத எரிவலி மூளும். அதைக் குணப்படுத்துவது மிகக் கடினம். காமா நைஃப் கதிர்வீச்சில் கத்தியும் இல்லை, கன்னத்தின் வழியே செலுத்தும் ஊசியும் இல்லை. ஆனால் பலன் தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகும். நாளையே நிவாரணம் வேண்டி நிற்பவருக்கு இது பொருந்தாது.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் நரம்பியல் அறுவைத் துறை 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி பணியைத் தொடங்கினார். இன்று பெருநகரங்களில் இத்துறை மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் முகவலி அறுவையை அடிக்கடி செய்பவர்கள் சிலரே. மூளைக்கட்டி அறுவையில் கைதேர்ந்தவர் இதிலும் அப்படியே இருப்பார் என்று கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு வலி திரும்பியது, எத்தனை பேருக்குக் கேட்கும் திறன் போனது என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஒரே ஒரு முறையை மட்டும் செய்பவர் அதையே பரிந்துரைப்பது இயல்பு என்பதால், வேறு முறைகளையும் செய்யும் மருத்துவமனையில் இரண்டாவது கருத்து பெறுவது நலம்.

அறுவை முடிந்து வலி நின்றாலும் கார்பமாசெபினை மறுநாளே நிறுத்துவதில்லை. மருத்துவரின் கண்காணிப்பில் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். வலி திரும்பினால் மருந்தையோ இன்னொரு முறையையோ நாடலாம்.